பன்னிரண்டாவது வீடியோ

எதையும் ஒழுங்காக எழுதி வைப்பவன் தவறு செய்ய மாட்டான் என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். மழை தொடங்கிய நேரத்தைக்கூட நாட்குறிப்பில் நிமிடம் தவறாமல் குறிப்பவன் நான். (நின்ற நேரத்துக்குத் தனிக் கட்டம்.)

என் மகளின் கல்யாண வீடியோ ஆறு மணி நேரம் ஓடியது. அதை நாற்பத்து மூன்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் பெயரும் கொடுத்து, ரூட்டரோடு இணைத்த ஒரு சின்னப் பெட்டியில் சேமித்தேன். எங்கள் தஞ்சாவூர் வீட்டு வைஃபைக்குள் வந்துவிட்டால் எந்த போனிலிருந்தும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். வந்தவர்களின் போனை வாங்கி இணைத்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை. (கேட்காதவர்களுக்கும் இணைத்துக் கொடுத்தேன்.)

அந்தக் கல்யாணத்தில்தான் என் அக்கா வீட்டுக்காரர், பூதலூர் அத்தான், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. அவர் கோபக்காரர் என்பதே எல்லோருக்கும் போதுமான விளக்கமாக இருந்தது, அக்காவுக்கும்.

சென்ற சித்திரையில் அவரே பத்திரிகையோடு வந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் இல்லாமல் மணமேடையே கிடையாது என்று அக்கா பிடிவாதம் பிடித்து அழைத்து வந்திருந்தாள். தாம்பாளத்தில் பத்திரிகை இருந்தது. இன்னும் என் கைக்கு வரவில்லை. அத்தான் காபியை முடித்துவிட்டு, சமாதானமாக ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்கள் வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரம் இன்னும் காதில் நிற்கிறது என்றார்.

நாதஸ்வரம் இருந்த எட்டாம் எண்ணை நானே தட்டியிருந்தால் முடிந்திருக்கும். டிவியில் போடச் சொன்னாள் என் மனைவி. நானோ அத்தானின் போனை வாங்கி, பெட்டியோடு இணைத்து, கல்யாண ஃபோல்டரைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மெல்லத் தள்ளினார். பிறகு வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

“பதினொண்ணு, முதல் பந்தி. பன்னெண்டு, அத்தான் காரணமின்றிக் கோபித்து எழுந்தது. பதிமூணு, அத்தானைச் சமாதானம் செய்தது, அடைப்புக்குறிக்குள்ள தோல்வி. பதினாலு, அத்தான் இல்லாத குடும்பப் படம், அடைப்புக்குறிக்குள்ள நிம்மதி.”

கரண்ட் போனால் தேவலை என்று நினைத்தேன். போனாலும் பயனில்லை, பெட்டிக்கும் ரூட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்தவன் நானே. அத்தான் தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“காரணமில்லாமயா மச்சான்?” என்று மட்டும் கேட்டு, பன்னிரண்டைத் தட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தத் துண்டை நான் சத்தமில்லாமல் ஓட்டித்தான் வெட்டியிருந்தேன். (நேரம் மிச்சம்.) இப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். அத்தான் இலையில் வெறும் சோறு. “மச்சான், இங்க ரசம்,” என்கிறார். ஒரு முழத் தூரத்தில் நான் நோட்டும் பேனாவுமாக நின்று, நாட்குறிப்புக்காக இலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். மறுபடியும், “ரசம் மச்சான்.” நான் தலை நிமிராமல், “முப்பத்தேழு,” என்கிறேன். மூன்றாம் முறை கேட்டபோது கையை நீட்டி, “பேசாதீங்க, எண்ணிக்கை விட்டுரும்,” என்கிறேன். அத்தான் இலையை மடித்துவிட்டு எழுந்து போகிறார். நான் காலி இடத்தைப் பார்க்கிறேன். முப்பத்தேழை அடித்து முப்பத்தாறு என்று எழுதுகிறேன்.

அக்கா போனை வாங்கி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷமா உங்களையில்ல திட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“ரசத்துக்காகக் கோவிச்சுக்கிட்டேன்னு எப்படிடீ சொல்றது?”

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்துப் படித்திருந்தால் இன்னும் கோவையாக வந்திருக்கும். அத்தான் சிறிது நேரம் கேட்டுவிட்டு, தாம்பாளத்தை என் பக்கம் நீட்டினார்.

“தாய்மாமன் முறையெல்லாம் நீதான் செய்யணும். முதல் பந்தியில ரசம் வாளியும் உன் கையில. நோட்டு வீட்டுலயே இருக்கட்டும்.”

பூதலூர் மண்டபத்தில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரசம் ஊற்றினேன். அந்த வீடியோவும் இப்போது எங்கள் பெட்டியில்தான் இருக்கிறது. பெயர் வைக்கும் உரிமையை அத்தான் எடுத்துக்கொண்டார். உறவினர் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள்; எல்லாம் ஒன்பதாம் எண்ணுக்காக. ‘மச்சான் ரசம் ஊற்றியது (போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை).’

பெயரை மாற்றலாமா என்று ஒருநாள் அதைச் சத்தத்தோடு ஓட்டிப் பார்த்தேன். மாற்ற ஒன்றுமில்லை, விவரம் சரியாகத்தான் இருக்கிறது.