சட்டைப்பையில் அறுநூற்றுப் பதினான்கு கூட்டாளிகள்

லைப்சிக், மே 16, வெள்ளிக்கிழமை

என் அன்புத் தங்கை ரோஸ்விதாவுக்கு,

உன் அண்ணன் ஹார்ட்முட் எழுதுவது. இடது முழங்காலைத் தவிர மற்றபடி சுகமாக இருக்கிறேன். ரோஸ்டாக்கில் நீயும் உன் கணவரும் அந்தக் குரைக்கிற நாயும் அதேபோல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. மடித்து அலமாரியில் வைக்காதே. முக்கியமாக, கைப்பேசியில் படம் எடுக்காதே. காரணம் கீழே வருகிறது. வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும், ஏனென்றால் நான் மெதுவாக எழுதுகிறேன். இதுவரை எழுதியதற்கே இரண்டு கோப்பை காப்பி ஆகிவிட்டது.

உட்கார்ந்துகொள். இது என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம். நாற்பத்தோரு வருடம் என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் எழுதியவள் உன் அண்ணி அன்னெலீஸ். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இதையும் சொல்லு, அதையும் சொல்லு என்பேன், அவ்வளவுதான். அவள் இறந்த பிறகு மூன்று வருடமாக ஒரு வரிகூட வரவில்லை என்று தொலைபேசியில் என்னைத் திட்டினாய். திட்டியது நியாயம். ஆனால் எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தோம், உனக்கே தெரியாது. டிராம் பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் வண்டி கழுவினேன், அங்கேயும் யாருக்கும் தெரியாது. 'கண்ணாடியை வீட்டிலே வெச்சுட்டு வந்துட்டேன்' என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு அறுபது வருடம் ஓட்டிவிட்டேன். போன நவம்பரில்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ஒன்பது பேர் படிக்கிறோம், கெசீனே டீச்சர் சொல்லித் தருகிறார். இப்போது படிக்கிறேன், ரோஸ்விதா! கிடைத்ததை எல்லாம் படிக்கிறேன். ஷாம்பூ பாட்டிலின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்தேன், முடிவு சுமார்தான். நான் முப்பத்தெட்டு வருடம் கழுவிய டிராம் கதவில் 'சாய்ந்து நிற்காதீர்' என்று எழுதியிருக்கிறது. நான் சாய்ந்துகொண்டுதான் கழுவினேன்.

இந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் கைப்பேசியைப் படித்தேன். அங்கேதான் பயம் பிடித்தது. எதைத் திறந்தாலும் ஒரு பெரிய அறிவிப்பு வரும், அடியில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். பச்சையாக இருக்கிறதே, நல்லதாகத்தான் இருக்கும் என்று இத்தனை வருடம் அழுத்திக்கொண்டிருந்தேன். இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தால், 'நாங்களும் எங்கள் அறுநூற்றுப் பதினான்கு கூட்டாளிகளும் உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம்' என்கிறது! கூட்டாளிகள் பெயர்ப்பட்டியலும் இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. நம் இளமைக் காலத்தில் ஒருவனைக் கண்காணிக்க வேண்டுமென்றால், பாவம், ஒரு ஆள் தெருமுனையில் குளிரில் நிற்க வேண்டும், சளி பிடிக்கும், நாமே சில சமயம் இரக்கப்பட்டுக் கையாட்டுவோம். இவர்கள் அறுநூற்றுப் பதினான்கு பேரும் என் சட்டைப்பையில் கதகதப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்புக்கு ஓடினேன். கெசீனே டீச்சர் சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க ஹார்ட்முட் ஐயா. எல்லாரும் படிக்காமதான் அழுத்தறாங்க. முழுசா படிச்ச முதல் ஆள் நீங்கதான்."

இதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று நீயே சொல்.

அடுத்து நடந்ததைக் கேள். ஆளுக்கொரு துண்டு நிலத்தில் காய்கறி போடும் எங்கள் தோட்டக் காலனியில் ஞாயிறுதோறும் பொதுக்கூடத்தில் சீட்டாடுவோம். மேஜைமேல் கைப்பேசியை வைத்திருந்தேன். அது தானாக விழித்துக்கொண்டு, 'எழுபதிலும் எழுத்துக் கற்கலாம்!' என்று ஒரு விளம்பரத்தைக் காட்டியது. சிவப்பு எழுத்து. பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து அதன்மேல் போட்டேன். எதிரே இருந்த வின்ஃப்ரீட் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதே விளம்பரம் குட்ருனின் கைப்பேசியில் வந்தது! அவள் அதைக் கூடம் முழுக்கக் காட்டினாள்.

"ஏம்ப்பா, நம்மள்ல யாரு இப்போ ஏ பி சி டி படிக்கிறது? எனக்கு எதுக்கு இது வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கெசீனே டீச்சரிடம் கேட்டால், ஒரே வைஃபையில் இருந்தால் ஒருவருடைய விளம்பரம் பக்கத்துக் கைப்பேசிக்கும் தாவுமாம், சளி மாதிரி. ஆக, நான் ஒருவன் மட்டும் கதவைச் சாத்திப் பயனில்லை, காலனியே சாத்த வேண்டும்.

அதனால் பாதுகாப்புக் கருவிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். விளம்பரத் தடுப்பான் நல்ல சாமான், ஆனால் பாதிப் பக்கங்கள் 'முதலில் அதைக் கழற்று, பிறகு உள்ளே வா' என்று வாசலிலேயே நிறுத்துகின்றன. கடவுச்சொல் பெட்டகம் இன்னொன்று. நான் ஆறு மாதம் பாடுபட்டு எழுத்துக் கூட்டக் கற்றேன், அது எனக்குத் தருகிற சொல்லையோ எந்தப் பேராசிரியராலும் கூட்ட முடியாது. முத்திரை வைத்த அரட்டைச் செயலி என்று ஒன்று, நடுவில் யாரும் படிக்க முடியாது. அருமை. ஆனால் எதிர்ப்பக்கமும் அதே செயலி இருக்க வேண்டும். இப்போதைக்கு அதில் நானும் டீச்சரும் மட்டும் இருக்கிறோம், அவர் எனக்கு வீட்டுப்பாடம் அனுப்புகிறார். கடைசியாக, வி.பி.என். என்கிற சுரங்கம். அதைப் போட்டால் நாம் இருக்கும் ஊரே வெளியே தெரியாது, வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும். எனக்கு அதுதான் பிடித்தது. ஒளிந்துகொள்வதில் எனக்கு அறுபது வருட அனுபவம்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, கூடத்தில் எழுந்து நின்று பேசினேன். தெருமுனை ஆளைச் சொன்னேன், அறுநூற்றுப் பதினான்கு பேரைச் சொன்னேன். எல்லோருக்கும் முகம் வெளிறியது. காலனித் தலைவர் நோய்பெர்ட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. எவன் வேணா பாத்துக்கட்டும்."

"அப்படியா? அப்போ உங்க பூசணிக்கு என்ன உரம் போடறீங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

இருபது வருடமாகப் பரிசு வாங்கும் பூசணி அது. அவர் சிவந்துபோய், "அது வேற விஷயம்" என்று வெளியே போய்விட்டார். கூடம் அதிரச் சிரித்தார்கள். அன்றைக்கே பதினோரு தோட்டக்காரர்கள் கைப்பேசியை நீட்டினார்கள். பதினொன்றிலும் சுரங்கம் போட்டேன், இருப்பிடத்தைக் காட்டாதே என்று அணைத்தேன், நாடு போர்ச்சுகல் என்று வைத்தேன், கொடி அழகாக இருந்தது. படித்து, படித்து, என் கையாலேயே செய்தேன். அன்றைக்கு என்னைவிடப் பெரிய மனிதன் லைப்சிக்கில் இல்லை.

பனிப் புனிதர்கள் என்று நாம் சொல்லும் மே மாதக் குளிர் நாட்கள் போகும்வரை, அவற்றில் கடைசி நாளான குளிர்ந்த சோஃபி மே பதினைந்தாம் தேதி கடக்கும்வரை, தக்காளியை மண்ணில் இறக்கக் கூடாது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் எல்லார் கைப்பேசி வானிலையிலும் பத்து நாளைக்கு இரவில்கூடப் பதினாறு டிகிரி என்று வந்தது. குட்ருனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஹார்ட்முட், மேலே லிஸ்பன்னு போட்டிருக்கே?"

"அதான் வேஷம், குட்ருன். ஊர் பேர்தான் பொய். வெயில் நம்மளுது."

நம்பிவிட்டாள். நானும் நம்பித்தான் சொன்னேன். பதினோரு தோட்டத்திலும் மொத்தம் நூற்று நாற்பது செடிகள் இறங்கின. செவ்வாய்க்கிழமை காலை நோய்பெர்ட் காலனி வாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்: இன்று இரவு உறைபனி, செடிகளை மூடவும். அந்தப் பலகை என் தோட்டத்திலிருந்து மூன்று எட்டுத் தூரம். பின்வாசல் வழியாக வந்த குட்ருன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்: "பலகையில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அறுபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது: "ஒண்ணுமில்ல, வழக்கமானதுதான்." எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்கே ஞாபகமில்லை, ரோஸ்விதா. குட்ருன் அதையே மற்றவர்களிடமும் சொல்லிவிட்டாள். புதன்கிழமை காலை போய்ப் பார்த்தால் நூற்று நாற்பதும் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குகின்றன. நோய்பெர்ட்டின் தக்காளி மட்டும் வெள்ளைத் துணிக்குள் பச்சைப்பசேல்.

நேற்று பலகையில் புதுக் காகிதம். இதைப் படித்தேன். என் வாழ்க்கையில் அந்தப் பலகையில் நான் படித்த முதல் அறிவிப்பு: 'சனி, மாலை நான்கு மணி. தக்காளி விவகாரம். ஹார்ட்முட் விளக்கம் அளிப்பார்.' என் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு சோறு தண்ணி இறங்கவில்லை. என்ன சொல்வேன்? பார்க்கவில்லை என்றால், மூணு எட்டுல இருக்கு, கண்ணு தெரியலையா என்பார்கள். பார்த்தேன் என்றால், வேண்டுமென்றே செடியைக் கொன்றவன் ஆவேன். உண்மையைச் சொன்னால், எத்தனையோ வருடமாக எதிரே உட்கார்ந்து சீட்டாடியவன் ஒரு தற்குறி என்று தெரிந்துவிடும், அதற்குமேல் அந்த மேஜையில் எப்படி உட்காருவது? தோட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். மேல்வரி கோணலாக இருப்பது இந்தக் கவலையால்தான், எனக்கு நேராக எழுத வரும்.

ஆகவே இதை எரித்துவிடு. யாரிடமும் சொல்லாதே, உன் கணவரிடமும் சொல்லாதே. அந்த முத்திரை வைத்த செயலியை உடனே போட்டுக்கொள், இனி அதில் மட்டும் பேசுவோம். பச்சைப் பொத்தானைத் தொடாதே. உன் வீட்டுக் கூரை ஒழுகாமல், முழங்கால் வலிக்காமல், உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல மீனும் கிடைக்கட்டும்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் அண்ணன் ஹார்ட்முட்

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை: எரிக்காதே.

நேற்று கூட்டம் நடந்தது. நோய்பெர்ட் கேட்டார்: "காலைல ஏழு மணிலேர்ந்து காகிதம் இருந்துச்சே ஹார்ட்முட், நீங்க பாக்கலையா?" கண்ணாடி வாக்கியம் நாக்குவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. "பாக்கலைங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அதாவது, தெரியும், நவம்பர்லேர்ந்து. தெரியும்ங்கறது மறந்துபோச்சு" என்றேன். ஒருவரும் நாற்காலியிலிருந்து விழவில்லை. குட்ருன் காப்பிக்குச் சர்க்கரை கலக்கிக்கொண்டே இருந்தாள். வின்ஃப்ரீட்தான் கத்தினான்.

"டேய், முப்பது வருஷமா புதுக் காகிதம் ஒட்டறப்பல்லாம் அந்தப் பலகை முன்னாடி நின்னு நான் எதுக்குடா சத்தம் போட்டுப் படிச்சேன்? எனக்கென்ன பைத்தியமா?"

பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். "அப்போ இந்த வருஷம் ஏன்டா படிக்கலை?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உன் போன்ல அந்த விளம்பரத்தைப் பாத்தேன். கத்துக்கறான்னு தெரிஞ்சுது. இனிமே நான் படிச்சா உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

நோய்பெர்ட் குறிப்பேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்துப் படித்தேன்: 'நூற்று நாற்பது தக்காளிச் செடிகள் அழிவு. காரணம்: மரியாதை.' சுரங்கத்தைப் பதினோரு பேரும் நானும் எடுத்துவிட்டோம், தடுப்பானை மட்டும் வைத்திருக்கிறோம்.

இன்று காலை பெட்டியைத் திறந்து, நீ இத்தனை வருடம் எனக்கு எழுதியவற்றை எல்லாம் முதல் தடவையாக நானே படித்தேன். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நீ ஒரு படம் போட்டிருக்கிறாய். படகு இருந்தால் கடிதம் படகைப் பற்றி. தொட்டில் இருந்தால் குழந்தை பிறந்ததைப் பற்றி. ஒன்றில்கூடப் படமும் எழுத்தும் மாறவில்லை. ஆக, உனக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

பதில் எழுது, ரோஸ்விதா. படம் வேண்டாம். சரி, ஒன்று மட்டும் போடு.