பெரிய டயரும் ஒரு விரக்கடை இடமும்

பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போடறதுன்னு கிருபாகரன் முடிவு பண்ணது ஒரு ஞாயித்துக்கெழம காலைல, பல்லு வெளக்கிகினே. வாய் கொப்பளிக்கறதுக்குள்ள அந்த முடிவு எறுகி கான்கிரீட் ஆயிடுச்சி.

காரணம் வெங்கட், அவன மாதிரியே லோடு அடிக்கிறவன். போன மழையில வெள்ளானூர் ரோட்டுல மொழங்கால் தண்ணி. கிருபாகரன் வண்டி நடுவுல நின்னுபோச்சி. பின்னாடி வந்த வெங்கட், பெரிய டயர் போட்ட பிக்கப்ல, கப்பல்ல போறவன் மாதிரி தாண்டிப் போனான். போனா பரவால்ல. மேலேர்ந்து கைய ஆட்டிட்டுப் போனான். அந்தக் கை ரெண்டு மாசமா கிருபாகரன் கண்ணுக்குள்ளயே ஆடிக்கினு இருந்திச்சி.

கிருபாகரன் தெனமும் கோவில்பதாகைலேர்ந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அட்டப்பொட்டி லோடு அடிக்கிறவன். சாயந்தரம் வந்தா வண்டிய ஊட்டுப் பக்கத்துல தகர ஷீட்டுக்குக் கீழ உடுவான். அவனே கூட நின்னு போட்ட ஷீட்டு. ஊட்டுல நெழலா இருக்கிற எடம் அது ஒண்ணுதான்.

அந்த எடத்துக்கு மூணு வருசமா போட்டி. அவன் பொண்டாட்டி சுசீலா இட்லி மாவு அரைச்சி பதினோரு ஊட்டுக்குக் குடுக்கறவ. அடுப்படியில ஒரு சின்ன கிரைண்டர். "ஷீட்டுக்குக் கீழ பெரிய கிரைண்டர் போட்டா அறுவது ஊட்டுக்குக் குடுப்பேங்க"ன்னு அவ கேட்டுக்கினே இருந்தா. "அப்ப வண்டி வெயில்ல வேவட்டுமா? என் உசுரு கீற வரைக்கும் அது வண்டி எடம்"ன்னு அவனும் சொல்லிக்கினே இருந்தான்.

கிருபாகரனுக்கு ஒரு கொணம். வேணும்னு சொன்னா செய்ய மாட்டான். வேணாம்னு சொன்னா செஞ்சிட்டுதான் மறுவேல. டாக்டரு உப்பக் கொறைக்கச் சொன்ன நாள்லேர்ந்துதான் ஊட்ல ஊறுகா அதிகமாச்சி. இது தெருவுக்கே தெரியும். அவன் மட்டும் அதுக்குக் கொள்கைன்னு பேரு வெச்சிருந்தான்.

"சுசீலா, வண்டிக்கு டயர் மாத்தப் போறேன். பெருசா."

"வேணாங்க."

அந்த ஒரு வார்த்தையிலயே பாதி டயர் மாட்டியாச்சி.

"ஏன் வேணாம்?"

"டீசல் குடிக்கும்."

"குடிக்கட்டும். நான் குடிக்கறனா? ஊட்ல ஒருத்தராவது குடிக்கட்டும்."

"ஸ்டேரிங் கனமாவும்."

"கைக்கு எக்சர்சைஸ்."

"மீட்டர்ல அம்பது காட்டும். வண்டி அதுக்கு மேல ஓடும்."

"எஸ்டேட் ரோட்டுல முப்பதுல போனாலே அன்னிக்கி ஊரே லீவுன்னு அர்த்தம்."

"ஃபுல்லா ஒடிச்சா மட்கார்டுல ஒரசும்."

"பாதி ஒடிப்பேன்."

"லோடோட பாலம் ஏறச்சொல்ல இழுக்காது."

"செகண்டு கியர் பின்ன இன்னாத்துக்குக் கீது?"

"பிரேக் புடிச்சா தள்ளிப் போய்தான் நிக்கும்."

"முன்னாடியே புடிப்பேன்."

"பொட்டி ஏத்தறவங்க இன்னும் ஒசரமா தூக்கணும்."

"ஏத்தறது இன்னா நீயா?"

ஏழு கொற. ஏழுக்கும் பதில். மாவு அரைக்கிறவளுக்கு மட்கார்டு ஒரசறது எப்படித் தெரிஞ்சிதுன்னு அவன் ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம். ஆனா ஜெயிச்சிக்கினு இருக்கறவன் எங்க யோசிக்கிறான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்." சுசீலா உளுந்து களைஞ்ச தண்ணிய வடிச்சிக்கினே சொன்னா. "எனுக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

ஆவடியில அப்துல் ரசாக் பாயோட டயர் கடை. பாய் வண்டியப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"ஊட்ல இன்னா சொன்னாங்க, நைனா?"

"வேணாம்னா."

பாய் ஜாக்கிய எடுத்துட்டாரு.

கடை வாசல்லயே நாலு பெரிய டயரு, அவனுக்குன்னே எடுத்து வெச்ச மாதிரி சாஞ்சிக்கினு இருந்திச்சி.

"எப்டி பாய், கரெக்டா நாலு கீது?"

"உன் நேரம், நைனா."

பழைய டயர் நாலையும் மாத்துக்கு வாங்கிக்கினு, அத அப்பவே வேற ஒரு வண்டிக்காரருக்கு மாட்ட ஆரம்பிச்சாரு பாய்.

திரும்பி வரச்சொல்ல கிருபாகரன் ரோட்ட மேலேர்ந்து பாத்தான். ஒசந்தது ஒன்னர இஞ்சுதான். ஆனா ஒன்னர இஞ்சு மேலேர்ந்து பாத்தா ஆவடில எல்லாருமே குள்ளம். டீக்கடையில வெங்கட் நின்னுக்கினு இருந்தான். வண்டிய ஸ்லோ பண்ணி, கைய ஆட்டிட்டு வந்தான். ரெண்டு மாசக் கணக்கு தீந்துது.

ஊட்டுக்கு வந்து, ரிவர்ஸ் போட்டு, ஷீட்டுக்குக் கீழ உட்டான்.

டங்.

வண்டியோட மேல்கம்பிக்கும் ஷீட்டத் தாங்கற இரும்புக் குழாய்க்கும் நடுவுல ஒரு விரக்கடை எடம்தான் எப்பவும். "பாத்தியா, அளந்து போட்டது"ன்னு அவனே எத்தினியோ பேருகிட்ட பெருமையா காட்டியிருக்கான்.

"இன்னாங்க சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. ஹாரன்."

ஷீட்ட ஒசத்தலாமான்னு அண்ணாந்தான். அத ஒட்டினாப்ல மாடியில குடியிருக்கிற ஸ்ரீராம், வித்யா ஊட்டு ஜன்னலு. ஒசத்த வழி இல்ல. ஆனா கிருபாகரன் உடறவனா? லோடு ஏறினா வண்டி எறங்கும். லோடுக்கு எங்க போறது? தெருவுலதான் ஆளுங்க கீறாங்களே.

"தம்பி ஸ்ரீராமு, ரெண்டு நிமிசம் வண்டில ஒக்காரு."

"எங்கண்ணே போறோம்?"

"எங்கயும் போவல. உள்ளதான்."

எதிரூட்டு மனோகரன், டேங்க் ஃபேக்டரில வேல பாத்து ரிட்டையர் ஆனவரு, நூறு கிலோ. அவரையும் கூப்ட்டான். அவரு கூட சீட்டாடிக்கினு இருந்த ஏழு பேரையும் கூப்ட்டான். ஒம்போது பேரும் வண்டித் தொட்டியில தலையக் குனிஞ்சி ஒக்காந்தாங்க, தாலி கட்டிக்கப்போற பொண்ணுங்க மாதிரி. வண்டியோட ஸ்பிரிங் பட்டை அழுந்திச்சி. ரிவர்ஸ்ல அழகா உள்ள போச்சி. சீட்டாட்டக்காரங்க கைதட்டினாங்க.

"பாத்தியா சுசீலா?"

"பாத்தேங்க."

அப்புறம் எல்லாரும் எறங்குனாங்க. ஒவ்வொரு ஆளும் எறங்க எறங்க வண்டி ஒசந்திச்சி. அஞ்சாவது ஆளு எறங்கச்சொல்ல மேல்கம்பி குழாயத் தொட்டிச்சி. ஏழாவது ஆளுக்கு ஷீட்டு முனகிச்சி. கடைசியா மனோகரன் குதிச்சாரு. ஷீட்டு ஒரு பக்கமா எழுந்து மாடி ஜன்னல்ல தட்டிச்சி.

வித்யா ஜன்னலத் தொறந்தா. "அண்ணே, உங்க ஷீட்டு எங்க கிச்சனுக்குள்ள வருது."

மறுபடியும் ஒம்போது பேர் ஏறி, வண்டிய வெளிய எடுத்தாங்க.

"நாளைக்கும் இதே நேரமா, கிருபா?" மனோகரன் முட்டியத் தடவிக்கினே கேட்டாரு. "தெரிஞ்சா ஊட்ல சொல்லிட்டு வருவேன்."

சுசீலா எல்லாருக்கும் டீ குடுத்தா. குடுத்துக்கினே, ரொம்ப சாதுவா, "அப்ப வண்டி இனிமே எங்கங்க நிக்கும்?"ன்னா.

ஒம்போது டம்ளரு நின்னிச்சி. ஒம்போது மூஞ்சியும் அவனையே பாத்திச்சி. தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கத வேற.

"தெருவுல நிக்கும்," ன்னான் கிருபாகரன். "இவ்ளோ பெரிய டயர் போட்ட வண்டிக்கு ஷீட்டு எதுக்கு?"

"அப்ப இந்த எடம்?"

"வேணும்னா நீயே வெச்சிக்க."

"ஒம்போது பேரு கேட்டுக்கினு கீறாங்க."

"கேக்கட்டும். கிருபாகரன் பேச்சு மாறாது."

"சரிங்க."

நாலு மணிக்கு கிரைண்டர் வந்து எறங்கிச்சி. ரெண்டு ஆளு சேந்துதான் கல்லயே தூக்கினாங்க.

"இன்னிக்கே எப்டி வந்திச்சி?" கிருபாகரன் கொரலு எறங்கியிருந்திச்சி.

"போன மாசமே சொல்லி வெச்சதுங்க. நீங்க எடத்தக் குடுத்ததும் போன் பண்ணேன். பாய் கடையில டயரும் அன்னிக்கிதான் சொல்லி வெச்சேன். எவ்ளோ ஒசரம் ஏறும்னு அவரு டேப்பு வெச்சே காட்டினாரு. டயரப் பத்திக் கூட நல்லா சொல்லிக் குடுத்தாரு."

கிருபாகரன் புது டயருல சாஞ்சி கீழ ஒக்காந்தான். சாயவும் நல்ல ஒசரமாதான் இருந்திச்சி.

"ஏழு கொற சொன்னியே சுசீலா. எட்டாவதா ஷீட்டு இடிக்கறத ஏன் சொல்லல?"

"மத்தது எல்லாத்துக்கும் உங்ககிட்ட பதில் கீது. இதுக்கு இல்லியேங்க."

இப்ப சுசீலாவுக்கு அறுவத்தி மூணு ஊடு. கொரட்டூர் ஏரிப் பக்கம் வரைக்கும் மாவு போவுது. எஸ்டேட்டுக்குப் போற வழியில கிருபாகரன்தான் எறக்கிட்டுப் போறான். போன வாரம் வெள்ளானூர்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, மழ பேஞ்சா இங்க ரோடே தெரியாதே, மாவு எப்படி வரும்னு கேட்டாங்க.

"அதெல்லாம் வந்துரும்மா," ன்னா சுசீலா. "எங்க டெலிவரி வண்டிக்கு டயரு பெருசு."