வயரு எரியுது

காருக்குள் கருகல் வாசனை அடித்தது. பெரிய மாப்பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரைத் தொட்டதும் கை தானாகவே வெளியே வந்துவிட்டது.

புது ஆம்ப்ளிஃபயர். மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை மாட்ட வைத்தவர் சின்ன மாப்பிள்ளை, அதாவது அவருடைய மனைவியின் தங்கை கணவர். போன மாதம் சின்னவர் காரில் ஒரு தடவை போய்விட்டு வந்த மாமனார், "அந்த வண்டியில ஏறினா இறங்கவே மனசு வரமாட்டேங்குது" என்றார். சொன்னதோடு விட்டாரா? வரும் ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் கல்யாணத்துக்கும் அதிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

மூத்த மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இளையவர் காரில் ஏறுவதா? பெரிய மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் காரில் அப்படி என்னதான் இருக்கிறது? பழசு, சின்னது, ஓட்டுகிறவரும் சுமார்தான். பாட்டு சிஸ்டம் ஒன்றுதான் கூடுதல். ஆக, பாட்டைக் காட்டித்தான் மாமனாரை வளைத்துப் போட்டிருக்கிறார்.

அதைவிட இரண்டு மடங்கு பெரிய ஆம்ப்ளிஃபயரை வாங்கி, சகலை காரில் இருப்பது போலவே முன் சீட்டுக்கு அடியில் தன் கையாலேயே மாட்டினார். பெட்டியோடு இலவசமாக வந்த வயரே போதும் என்று நினைத்தார்.

முதலில் ஃபியூஸ் போனது. அதைவிடப் பெரிய ஃபியூஸாகப் பார்த்துப் போட்டார். பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. அது படவேண்டிய பாட்டையெல்லாம் வயர் பட்டது.

இப்போது சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தபடியே மாடியிலிருந்த மனைவிக்குப் போன் செய்தார்.

"வயரு எரியுது, சீக்கிரம் கீழ வா."

மனைவி மூச்சிரைக்க இறங்கி வந்தார். ஒரு கையில் மருந்து பாட்டில், இன்னொரு கையில் ஸ்பூன்.

"என்னது இது?"

"வயிறு எரியுதுன்னீங்களே."

"வயிறு இல்ல, வயரு."

"எல்லாம் ஒண்ணுதான். எங்கப்பா அந்தக் கார்ல ஏறின நாள்லேருந்து எரிஞ்சிட்டுதானே இருக்கு."

பெரிய மாப்பிள்ளை டேப் எடுத்து வரச் சொல்லி மறுபடி மாடிக்கு அனுப்பினார். அதற்குள் வயரின் மேல்தோல் இளகி, தரைவிரிப்பில் ஒட்டிக்கொண்டது.

ஒற்றை வயர் தாங்கவில்லை, துணைக்கு இன்னொன்று கொடுப்போம் என்று யோசித்தார். பழைய இஸ்திரிப் பெட்டியின் வயரை வெட்டி, அதனோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். பாட்டைப் போட்டுவிட்டு, மனைவியை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். பாட்டு பாதி ஓடுவதற்குள் அவர் துள்ளி எழுந்தார்.

"எங்கப்பாவை இதுல உட்கார வைக்கப் போறீங்களா, வேக வைக்கப் போறீங்களா?"

வேறு வழியில்லை. சகலைக்கு மாட்டிக் கொடுத்த அதே மெக்கானிக்கிடம் சனிக்கிழமை போய் நின்றார். அங்கே போவதற்கு அவமானமாகத்தான் இருந்தது. மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய ஆம்புக்கு இந்த வயர் எந்த மூலைக்கு சார்? எர்த் வயரை வேற பெயிண்ட் மேலயே முடுக்கி வச்சிருக்கு. சூடாகாம என்ன செய்யும்?"

"அதை விடுங்க. எங்க சகலை வண்டியில எந்த வயர் போட்டீங்க?"

"இருக்கறதுலயே சன்னமானது. வேணாம் சார், சூடாகும்னு சொன்னேன். பாட்டு வந்தா போதும்னுட்டாரு."

பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"அப்ப எனக்கு இருக்கறதுலயே தடிமனானதைப் போடுங்க."

மெக்கானிக் பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் எர்த்தை இறுக்கினார். விரல் தடிமனுக்குப் புது வயர் இழுத்தார். அதற்குத் தகுந்த ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தார். பெரிய மாப்பிள்ளை பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். வயரைத் தொட்டார், சீட்டைத் தொட்டார். சூடு என்ற பேச்சே இல்லை.

ஞாயிறு காலை, சகலை வருவதற்கு முன்பே மாமனார் வீட்டு வாசலில் போய் நின்று, அவரைக் கையோடு ஏற்றிக்கொண்டார். பின்னால் சகலையின் கார் வருவது கண்ணாடியில் தெரிந்தது. அந்தக் கார் சின்னதாகத் தெரியத் தெரிய அவருக்குச் சந்தோஷம் பெரிதாகிக்கொண்டே போனது. ஊரைத் தாண்டியதும் பாட்டைப் போட்டார். இவ்வளவு துல்லியமாக ஒரு காரில் அவரே கேட்டதில்லை.

மாமனார் இந்தப் பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தியதும் இறங்கி, பின்னால் வந்த காருக்குக் கை காட்டினார். பெரிய மாப்பிள்ளையும் அவசரமாக இறங்கினார்.

"ஏன் மாமா, பாட்டு நல்லா இல்லையா?"

"பாட்டை யாரு மாப்பிள்ளை கேட்டா? சின்னவரு வண்டியில இந்த சீட்டு அடியிலேருந்து கதகதன்னு சூடு வரும், என் இடுப்பு வலிக்கு அவ்வளவு சுகமா இருக்கும்."