சைலன்ஸ் சாமியின் பந்தி

திருச்சி ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், சைலன்ஸ் சாமி மாதிரி மனுஷனைப் படுத்தியெடுக்கிற இன்னொருத்தர் அகப்படமாட்டார். ஐம்பதுகளின் கடைசியில் நான் இருந்த கத்தோலிக்க போர்டிங்கில் அந்தப் பாதிரியார்தான் வார்டன். சாப்பிடும்போது பையன்களின் வாய் இரண்டு வேலை பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

பந்தியில் ஒரு பையன் மேடையேறி அர்ச்சியசிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், சரித்திரத்தை வாசிப்பான். நாங்கள் கம்மென்று கேட்டபடி சாப்பிட வேண்டும். பாதியில் வார்டன் மணியைத் தட்டினால் பேசலாம். எல்லா போர்டிங்கிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் நம்ம ஆள் மணியைத் தட்டினால்தானே! யாரையாவது எண்ணெய்க் கொப்பரையில் தள்ளுகிற இடம் பார்த்து ரசம் வரும். எப்படிங்க இறங்கும்?

ஆகவே எல்லாம் சைகைதான். கட்டை விரல் காட்டினால் உப்பு, சுண்டு விரல் என்றால் மோர், வயிற்றில் கை வைத்தால் இன்னொரு கரண்டி சாம்பார். "உங்க ஹாஸ்டல்ல எல்லாரும் ஊமையாடா?" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து பள்ளிக்கு வருகிற பையன்கள் மானத்தை வாங்குவார்கள்.

ஒரு தடவை மண்ணச்சநல்லூரிலிருந்து அப்பா வந்தார், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில். "எப்படிப்பா இருக்கே?" என்றார். தலையை ஆட்டினேன். "வாயில என்னடா, கொழுக்கட்டையா?" மறுபடி ஆட்டினேன். அப்பா பதறிவிட்டார். "ஏங்க சாமி, நல்லாப் பேசிக்கிட்டிருந்த புள்ளைங்க! என்ன பண்ணீங்க?"

சைலன்ஸ் சாமி அவரைப் பார்த்தும் உதட்டில் விரலை வைத்தார். ரைஸ் மில்லில் அத்தனை ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற அப்பா கப்சிப். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒருநாள் மத்தியானம், வயிற்றில் சுளீரென்று ஒரு வலி. உயிர் போகிற வலி! வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பரிமாறிய சூசை ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினான். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். இன்னும் இரண்டு கரண்டி. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். படுபாவி, வாளியையே என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

"ஐயோ, அம்மா!" என்று அலறிவிட்டேன்.

சைலன்ஸ் சாமி முறைத்தபடி வந்து, பேசியவன் போய் நிற்க வேண்டிய தூணைக் காட்டினார். எழுந்தேன். ஓரடி வைப்பதற்குள் சாம்பார் வாளி மேலேயே சுருண்டு விழுந்தேன்.

"டேய், வண்டியக் கூப்பிடுங்கடா! ஓடுங்கடா!" இது யார் குரல் என்றே எனக்கு விளங்கவில்லை. சைலன்ஸ் சாமி கத்தி யார் கேட்டிருக்கிறார்கள்?

குதிரை வண்டியில் என் தலை அவர் மடியில். கண் செருகிக்கொண்டு போனது. பெரியாஸ்பத்திரி வரைக்கும் மனுஷர் வாயை மூடவில்லை. "தூங்காதேடா ராஜா. உங்க மில்லுல என்ன நெல்லு அரைக்கிறாங்க? சொல்லு. உங்க வீட்டு மாடு பேரு என்ன? ஏதாவது பேசுடா, என் கண்ணு."

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது அப்பா இன்னும் வந்து சேரவில்லை. வெள்ளை அங்கியெல்லாம் சாம்பார்க் கறையோடு சைலன்ஸ் சாமிதான் உட்கார்ந்திருந்தார்.

"தாகமா இருக்கு சாமி" என்றேன்.

"பேசிட்டான்! சிஸ்டர், புள்ள பேசிட்டான்!" என்று வார்டே அதிரக் கத்தினார். கத்திவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

போர்டிங்குக்குத் திரும்பினேன். மனுஷர் துளியும் திருந்தவில்லை. மற்ற பையன்களோடு சேர்ந்து நானும் அவரைத் திட்டத்தான் செய்தேன். ஆனால் முன் மாதிரி மனசு வரவில்லை.