ஊதாதே அண்ணனின் கேசட்டை இருட்டில் வையுங்கள்

ஜோகூர் பாருவில் பெரிய பேரங்காடி ஒன்றை நடத்தும் நிர்வாகியே, நீங்கள் ஒரு விளையாட்டைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து வெயில் சாயும்வரை, கண்ணாடிக் கூரைக்குக் கீழே வைத்து, எல்லாரும் பார்க்கக் கொல்கிறீர்கள். உங்கள் பேரங்காடியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வாசகர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போல் பயந்த மனிதர் ஜோகூர் மாநிலத்திலேயே கிடையாது. பாம்புக்குப் பயப்படமாட்டார். ஒருமுறை சாக்கடையிலிருந்து நாகம் ஏறி வந்தபோது தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. இவர் மாப்புக் கட்டையால் அதைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் பயந்ததெல்லாம் காற்றுக்கு, ஈரத்துக்கு, வெளிச்சத்துக்கு, எறும்புக்கு, இடிக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக மனிதனின் வாய்க்கு.

காரணம், அவர் வீட்டு முன்னறை முழுக்கப் பழைய வீடியோ கேம் கேசட்டுகள். தொண்ணூறுகளில் வளர்ந்த எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. கேம் ஓடவில்லையென்றால் கேசட்டை உருவி, அதன் அடிப்பக்கத்தை வாயில் வைத்து, மௌத்ஆர்கன் வாசிப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதி, திரும்பச் சொருகுவோம். ஓடும். இவர் முன்னால் யாராவது கேசட்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், தெருக்கோடிவரை கேட்கும்.

"ஊதாதே! எச்சில் படுது லா! உள்ள செம்புக் கால் எல்லாம் பச்சை புடிச்சிரும்! நீ ஊதினதால ஓடல, திரும்பச் சொருகினதால ஓடுது! எத்தனை தடவை சொல்றது?"

என் மகளின் பிறந்தநாளுக்கு வந்திருந்தார். கேக்கில் மெழுகுவத்தி ஏற்றினோம். எல்லாரும் பாடி முடித்தோம். பிள்ளை மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பினாள். பின்னாலிருந்து "ஊதாதே!" என்று ஒரு சத்தம். பிள்ளை அழ, மெழுகு கேக்கில் ஒழுக, அவர் அவள் முன்னால் வந்து குனிந்தார். "மன்னிச்சுக்கம்மா, வாய் தானா வந்துருச்சு." அன்றிலிருந்து அவர் ஊதாதே அண்ணன்.

முன்னறைக்குள் போவதற்குக் கை கழுவ வேண்டும். கழுவிய கையைத் துடைக்க வேண்டும். துடைத்த கையை விசிறிக்கு நேரே காட்ட வேண்டும். மேசைக் கால்கள் நாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும், எறும்பு ஏறாமல் இருக்க. செருப்புக் கடைகளில் கெஞ்சி வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் அலமாரி முழுக்கக் கிடக்கும். தூரத்தில் லேசாக இடி உறுமினால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குவார், குளிர்சாதனப் பெட்டி உட்பட.

அண்ணி ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் என்னிடம் பொரிந்தார். "பார்த்தியா சரசு! என் சமையல்கட்டுல உப்பு நமத்துப் போகுது. மொளகாத்தூள் பூஞ்சை புடிக்குது. இவரு கேம் மட்டும் கருவாடு மாதிரி காஞ்சு கெடக்குது. அடுத்த ஜென்மத்துல நான் கேசட்டா பொறக்கணும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்ப ரொம்பப் பேசமாட்ட."

"பேசமாட்டேன். தூசி தொடைக்கவாவது தொடுவீங்கல்ல?"

அவருக்குப் பிடித்த விளையாட்டு, பழைய டாங்கி விளையாட்டு. செங்கல் சுவருக்குள் ஒரு பறவை இருக்கும். எதிரி டாங்கிகள் மேலேயிருந்து வரும். நாம் போய் அவற்றைச் சுட வேண்டும். எல்லாரும் முன்னேறிப் போய்ச் சுடுவார்கள். இவர் பறவைக்குப் பக்கத்திலேயே டாங்கியை நிறுத்திவைத்துக்கொண்டு அசையமாட்டார்.

"அண்ணே, போய் அடிங்க! மேல நிக்குறான் பாருங்க!"

"நான் போனா இதை யாரு பார்த்துக்குவா?"

இப்படி விளையாடினால் எப்போது ஜெயிப்பது? ஜெயித்ததும் இல்லை. ஆனால் பறவை செத்து நான் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த முன்னறையில் ஒரு கேசட் மட்டும் அலமாரியில் இருக்காது. கறுப்புத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைச் சாமி மேசைக்குக் கீழே வைத்திருந்தார். உலகத்தில் அந்த ஒன்றுதான். இன்னொன்று கிடையாது.

இளவயதில் அவர் ஜோகூர் பாருவில் கேம் செட் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கும் சின்னத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்தத் தொழிற்சாலை சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யப் பார்த்திருக்கிறது. கடைக்கு வருமுன் சோதித்துப் பார்க்கச் செய்த மாதிரி, அது ஒன்றுதான். அது வெளிவரவே இல்லை, தொழிற்சாலை மூடிவிட்டது. கடைசி நாள் குப்பைத் தொட்டியிலிருந்து அதை எடுத்து வந்தார். மேல்மூடிகூடக் கிடையாது. பச்சைப் பலகையில் சிப்பு எனும் சில்லுகள், ஒவ்வொரு சில்லின் நடுவிலும் சின்னக் கண்ணாடிச் சன்னல், சன்னல்மேல் காகித ஒட்டு.

அந்த ஒட்டுதான் உயிர். வாசகர்கள் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகைச் சில்லில் எழுதியிருப்பதை அழிக்க வேண்டுமென்றால், சன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுவார்கள். அதற்காகவே செய்த சன்னல். புற ஊதா விளக்கு என்றால் சீக்கிரம், வெயில் என்றால் மெதுவாக. ஒட்டு இருக்கும்வரை விளையாட்டு இருக்கும்.

எனக்கு அதை ஒரே ஒருமுறை ஓட்டிக் காட்டினார். நான் நாற்காலியைச் சுவர்வரை தள்ளிப் போட்டு உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. திரையில் ஒரு கித்தா தோட்டம், வரிசையாக ரப்பர் மரங்கள். ஒரு பெண் சைக்கிளில் பால் வாளிகளோடு போகிறாள். மரத்துக்கு மரம் இறங்கி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து ரப்பர்ப் பாலை ஊற்றிக்கொள்ள வேண்டும். பன்றி துரத்தும். மேகம் வரும். மழைத்துளி மங்கில் விழுந்தால் பால் கெட்டது, தோற்றோம். எந்த நாட்டிலும் இப்படி ஒரு விளையாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் அவள், பாலை நிறுத்து வாங்கும் பால் ஸ்டோர் வாசலுக்கு வந்து சேர்கிறாள். கதவு மூடியிருக்கிறது. அவ்வளவுதான். படம் நின்றுவிடும். மழைச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஏண்ணே, கதவு திறக்காதா?"

"அதுவரைக்கும்தான் எழுதியிருக்காங்க. அதுக்குள்ள கம்பெனி மூடியாச்சு. எழுதினது யாருன்னே எனக்குத் தெரியாது, மேல் மாடியில உட்கார்ந்திருப்பாங்க. பார்த்தா ஒண்ணுதான் கேட்கணும். உள்ள என்ன வெச்சிருந்தீங்க?"

அதைப் பிரதி எடுத்துவைத்தால் நிம்மதிதானே என்பீர்கள். பத்து பாகாட் ஊரில் ஆ ஹெங் என்ற சீனர் இருக்கிறார். சில்லைப் படித்துக் கணினியில் ஏற்றும் கருவி அவரிடம் இருக்கிறது. காசுகூட வேண்டாம் என்றார். ஆனால் சில்லைப் பலகையிலிருந்து கழற்ற வேண்டும். கால்கள் பழையவை, ஒடிந்தாலும் ஒடியும். இதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அவரை அதட்டி அதட்டித்தான் கிளப்பினோம். நான்தான் கார் ஓட்டினேன். பிஸ்கட் டின் அவர் மடியில். நெடுஞ்சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் போகச் சொன்னார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே எங்களைத் திட்டினான்.

"சரசு, பள்ளம்!"

"பள்ளம் இல்லண்ணே, கோடு."

"கோடுன்னா மெதுவா போ."

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். ஆ ஹெங் நல்ல மனிதர். துணி விரித்து, விளக்கைத் தணித்து, டின்னைத் திறந்தார். குனிந்தார். தும்மினார்.

அண்ணன் டின்னை மூடியது எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பியபோது அவர் காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். அலமாக்! அத்தனை தூரம் போய் ஒரு தும்மலுக்குத் திரும்பினோம். இன்னொருமுறை புறப்பட்டோம், செடெனாக் தாண்டுவதற்குள் வானம் கறுத்தது, இடி என்றார், திரும்பினோம். ஆக, பிரதி எடுக்கவே இல்லை. பயந்து பயந்து காப்பாற்றினார். பயந்து பயந்தே பிரதி இல்லாமலும் வைத்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான், நிர்வாகியே, உங்கள் பேரங்காடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய வீடியோ கேம் கண்காட்சி நடத்துகிறோம், அபூர்வமானது ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றாள். நான் சிரித்தேன். முடியாது என்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். "நெறைய பேர் வருவாங்க அங்கிள். இதைச் செஞ்சவங்ககூட வந்து பார்க்கலாம்."

அண்ணன் எழுந்து போய் டின்னை எடுத்து வந்தார். "நிழல்ல வைக்கணும். ஒட்டைத் தொடக்கூடாது. பெட்டியைத் திறந்து யாரும் ஊதக்கூடாது." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டாங்கியை ஓரடி நகர்த்தாத மனிதர் அன்று நகர்த்தினார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டு, திரையை இழுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். "நானும் சிப்பு மாதிரி ஆயிட்டேன் சரசு, சன்னலை ஒட்டி வெச்சிருக்காங்க" என்று சிரித்தார்.

போன ஞாயிறு மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க உங்கள் பேரங்காடிக்கு வந்தேன். கூட்டம் நன்றாக வருகிறது என்று கண்காட்சியை நீட்டித்திருக்கிறீர்கள். மூலையில் இருந்த பெட்டியை நடுக்கூடத்துக்கு நகர்த்தியிருக்கிறீர்கள், கண்ணாடிக் கூரைக்கு நேர் கீழே. கிட்டே போனேன். ஒட்டு இல்லை. ஒவ்வொரு சில்லிலிருந்தும் உரித்திருந்தார்கள். சின்னச் சன்னல்கள் எல்லாம் வெயிலைப் பார்த்துப் பளபளத்தன.

நான் யோசிக்கவில்லை. துப்பட்டாவை உருவிப் பெட்டிமேல் போட்டேன். கட்டம்போட்ட சட்டையில் ஒரு சூப்பர்வைசர் ஓடி வந்தார். நம்ம தமிழ் ஆள்தான்.

"அக்கா, துணியை எடுங்க லா. டிஸ்ப்ளே மறைக்குது."

"ஒட்டை யாருப்பா உரிச்சது?"

"அழுக்கா இருந்துச்சுக்கா. இப்ப பாருங்க, கண்ணு மாதிரி மின்னுது. எல்லாரும் படம் புடிக்கிறாங்க."

"அது அழுக்கு இல்லய்யா, அதான் மூடி! உள்ள இருக்கிறது அழியுது!"

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கக்கா அழியுது? அப்படியேதான இருக்கு."

அழிவது கண்ணுக்குத் தெரியாது. பலகை அப்படியே இருக்கும். சில்லு அப்படியே இருக்கும். ஒருநாள் எடுத்துவந்து செட்டில் சொருகினால் சைக்கிள் வராது, அவ்வளவுதான்.

திருப்பிக் கேட்டேன். கொடுத்தவர்தான் நேரில் வந்து வாங்க வேண்டுமாம். அண்ணியை அனுப்பினேன், "பேரு உங்க பேரு இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டேன், கவனிக்கிறோம் என்றார்கள். கண்காட்சிக்கு வாங்கிப்போன பெண் வேலையை விட்டுவிட்டாளாம். ஆ ஹெங்கிடம் சொன்னேன். மலாயில் மெதுவாகச் சொன்னார்: கூரைக் கண்ணாடி வெயிலைக் கொஞ்சம் தடுக்கும், இப்போதே எடுத்தால் மிச்சம் இருக்கலாம், தள்ளிப்போட்டால் தெரியாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? அவருக்கும் தெரியவில்லை. காலையில் வெயில் முகத்தில் பட்டால் இப்போது எழுந்து போய்த் திரையை இழுத்துவிடுகிறேன். மழை வந்தால் சந்தோஷப்படுகிறேன். அண்ணனின் பயம் முழுக்க என்னிடம் வந்துவிட்டது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கண் போனாலும் பரவாயில்லை என்று வெயிலில் கிளம்பிவிடுவார். நேற்றுச் சோறு கொடுக்கப் போனேன். இருட்டறையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"அங்க போனியா சரசு? எப்படி வெச்சிருக்காங்க?"

"நல்லாத்தான்ணே வெச்சிருக்காங்க."

"இருட்டா இருக்கா?"

"இருக்குண்ணே."

"செஞ்சவங்க யாரும் வந்தாங்களாமா?"

நான் சட்டியை மூடிக்கொண்டு நின்றேன். "வருவாங்கண்ணே. இன்னும் நாள் இருக்கு."

நிர்வாகியே, போனில் வேண்டாம். வாட்சாப்பில் வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டு, எல்லாரும் படிக்கப் பதில் எழுதுங்கள். ஒட்டை உரிக்கச் சொன்னது யார்? பெட்டியை இன்று நிழலுக்கு மாற்றினீர்களா, இல்லையா? கேசட்டை எப்போது எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்கள்?

அண்ணனுக்கு இப்போது படிக்க முடியாது. உங்கள் பதிலை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். நாற்காலியைச் சுவர்வரை தள்ளிப் போட்டு, மூச்சு அவர்மேல் படாத தூரத்தில் உட்கார்ந்து வாசிப்பேன்.