எட்டு மணிக்கு எது ஆட்டம்?

கிருபாசங்கர் ஸ்கூட்டரை ஓட்டி வரவில்லை, பறக்கவிட்டு வந்தார். பல்லடத்தில் இருக்கும் தறி உதிரிப்பாகக் கடையை வாழ்க்கையில் முதல்முறையாக ஏழு மணிக்கே சாத்தியிருந்தார். எட்டு மணிக்குக் கிரிக்கெட் இறுதிப்போட்டி! கையில் நாலு தேங்காய் பன்.

சூலூர் வீட்டுக்குள் நுழைந்ததும் ரிமோட்டைத் தேடினார். அது மனைவி சண்முகப்பிரியாவின் மடியில் இருந்தது.

"கிரிக்கெட் வை அம்மணி! டாஸ் போட்டிருப்பாங்க!"

"ஏனுங்க, எட்டுல இருந்து ஒம்பது வரைக்கும் என்ன வெக்கோணும்னு நீங்கதானுங்க சட்டம் போட்டீங்க?"

"கேம் ஷோ மட்டும்! கிரிக்கெட்டை விடப் பெரிய கேம் ஏது?"

அவள் காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை உருவினாள். அவருடைய கையெழுத்து.

போன மாதம் அவள் பார்க்கும் எட்டு மணி சீரியலை ஒழித்துக்கட்ட அவர் எழுதிய சாசனம் அது. அன்றைக்கு அவள் லேசில் விடவில்லை.

"மாமியாளும் மருமகளும் மோதறாங்க. அதும் போட்டிதானுங்களே?"

"ஆறு வருசமா மோதறாங்க. யாரு ஜெயிச்சா? பரிசு எங்கே?"

வெற்றி தோல்வி அன்றைக்கே தெரிய வேண்டும், பரிசும் வேண்டும் என்று எழுதினார்.

"நடிகைக பரிசுக்குப் பலூன் ஒடைக்கறாங்களே, அதுங்க?"

"அது அவங்க பொழப்பு!" அந்த வேகத்தில் எழுதியதுதான் கடைசி விதி.

அதைத்தான் இப்போது உரக்கப் படித்தாள். "ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் ஆடினால் அது கேம் ஷோ ஆகாது. நம்மைப் போன்றவர்கள் ஆட வேண்டும்."

"அவங்க நாட்டுக்கு ஆடறாங்க அம்மணி!"

"சம்பளம் வாங்காமயாங்க?"

செல்போனில் பார்க்கலாமென்றால் பந்து கடுகளவுகூடத் தெரியாது. கடைசி நம்பிக்கையாகப் பக்கத்து வீட்டுப் பாவாத்தாளை அம்பயராகக் கூப்பிட்டார். அந்தம்மா தாளைப் பாதிகூடப் படிக்கவில்லை. "அவுட்டுங்க தம்பி" என்று சோபாவில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிய்த்தார்.

எட்டு மணி. இல்லத்தரசிகளுக்கான வினாடி வினா தொடங்கியது. மேடையில், பச்சைச் சேலையில்... கிருபாசங்கர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அது நீதானே!"

"ஆமாங்க. பொள்ளாச்சிக்கு அக்கா ஊட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல, அன்னைக்குத்தானுங்க இதைப் படம் புடிச்சாங்க."

கிரிக்கெட் மறந்தே போனது. "சொல்லு அம்மணி, சொல்லு!" என்று பக்கத்தில் இருந்தவளை விட்டுவிட்டுத் திரையில் இருந்தவளைப் பார்த்துக் கத்தினார். கடைசிக் கேள்வி. சரியான பதில்! முதல் பரிசு, சுவரை அடைக்கும் புது டிவி!

கிருபாசங்கர் குதித்தார். இனி வீட்டில் இரண்டு டிவி!

"அப்ப இந்தப் பழசு எனக்கே எனக்கு! கிரிக்கெட்டுக்கு!"

"அது பாவாத்தாளக்காவுக்குங்க," என்றாள் சண்முகப்பிரியா. "அம்பயர் ஃபீஸு."