வெண்டை விதைப் பாக்கெட்

கோவில்பட்டியில் விதைக்கடையும் உரக்கடையும் நடத்தும் செல்லத்துரை, புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு உண்மை பேசுவது என்று முடிவெடுத்தார். மனைவி இசக்கிச்செல்வி வீட்டில் இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் கடற்கரை போன தை மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்திருந்தார். பெரிய தொகைக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்த மனிதர்தான். ஆனால் இருதயக் கோளாறு இருந்ததைப் படிவத்தில் மறைத்துவிட்டார் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அவர் மனைவி இப்போது கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் செல்லத்துரைக்குத் தன் வீட்டு நினைப்பு வந்தது. ஏனென்றால் அவரிடமும் மறைப்பதற்கு ஒன்று இருந்தது. சர்க்கரை. இரண்டு வருசமாக.

டாக்டர் சொன்ன அன்றைக்கே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். பாவம், அழுவாளே என்று சொல்லவில்லை. இது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். நிஜமான காரணம் காப்பி. சொன்ன மறு நிமிசம் சீனி டப்பா பரணுக்குப் போய்விடும். ஆகவே மாத்திரைகளைக் கடையின் மேல் ரேக்கில், காலி வெண்டை விதைப் பாக்கெட்டுக்குள் வைத்து, ஒரு வாய் தண்ணீரோடு ரகசியமாக விழுங்கி வந்தார். ஆள் விவரமானவர். கரிசல்காட்டில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் ஒரே ஒரு உளுந்து இலையைக் கொண்டுவந்து நீட்டினால் போதும். மஞ்சள் தேமல் நோயா, சத்துக் குறைவா என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு ஒரு மனைவியை ஏமாற்றுவது பெரிய காரியமா?

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவள் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போவாள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சந்தனமேரியை அதே நேரத்துக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். காலையில் ஃப்ரிட்ஜ் மேல் சாவியை மறைத்துக்கொண்டு கிடந்த டப்பாவை வழக்கம்போலத் தள்ளிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர், பதினோரு மணிக்குப் பூனை மாதிரி திரும்பி வந்தார்.

கூடத்தில் சந்தனமேரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இசக்கிச்செல்வியும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நீ கூட்டத்துக்குப் போகலயா?"

"தலைவி இங்கன வந்துட்டா கூட்டத்த யாரு நடத்துவா?"

"தலைவியா? யாரு தலைவி?"

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"நாந்தான் அண்ணாச்சி," என்றாள் சந்தனமேரி. "ஆறு வருசமா."

சமாளித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். யோசித்து யோசித்து எழுதிய வரிசை.

"அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசாச்சு. அதனால அவருக்குத்தான் பெரிசா ஒண்ணு. அடுத்து எனக்கு. அப்புறம் மகளுக்கு. இவளுக்கு வேண்டாம்."

"தாத்தா சம்பாத்தியத்த நம்பி யாரு இருக்கா அண்ணாச்சி? அந்த வயசுக்குப் புதுசாத் தரவும் மாட்டாங்க. மக காலேஜ் முடிக்கட்டும். வீட்டு லோனும் அவ படிப்பும் ஒங்க தலையிலல்லா இருக்கு? மொதல்ல ஒங்களுக்குத்தான். அடுத்தது அக்காவுக்கு."

"இவளுக்கு எதுக்கு? வீட்டுலதான இருக்கா."

"அக்கா புதியம்புத்தூர் ஜவுளிக் கம்பெனிக்காரங்களுக்கு நைட்டி தச்சுக் குடுக்குதாங்கள்லா? அத விடுங்க. அக்கா இல்லாத ஒரு நாள நெனச்சுப் பாருங்க. தாத்தாவ யாரு குளிப்பாட்டுவா?"

செல்லத்துரை நினைத்துப் பார்த்தார். காலை எட்டு மணி வரைக்கும்தான் நினைக்க முடிந்தது. அதற்கு மேல் பயமாக இருந்தது.

"சரி, அவளுக்கும் போடு," என்றார். உடனே சுதாரித்து, "ஏட்டி, ரெண்டு காப்பி கொண்டா. எனக்குச் சீனி தூக்கலா!" என்று மனைவியை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, சந்தனமேரி பக்கம் குனிந்தார்.

"மேரி, எனக்குச் சர்க்கரை இருக்கு. உள்ளத உள்ளபடி எழுதிக்கோ. ஆனா அவளுக்கு மட்டும் தெரியப்புடாது."

"எத்தன வருசமா?"

"ரெண்டு."

"என்ன மாத்திர சாப்பிடுதீங்க?"

செல்லத்துரை மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். வெள்ளையாக இருக்கும். அதற்கு மேல் தெரியவில்லை.

"மெட்ஃபார்மின் ஐநூறு!" அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "காலைல ஒண்ணு, கடையடைக்கும்போது ஒண்ணு. ரெண்டாவது மாத்திரைய வாரத்துல மூணு நாள் மறந்துருவாங்க."

காப்பியோடு அவள் வந்தபோது செல்லத்துரைக்கு வாய் திறந்தபடியே இருந்தது.

"போன ஆடில கொல்லைல வெண்ட போடலாம்னு ஒங்க கடையில பாக்கெட்ட எடுத்துட்டு வந்தேன். கவுத்துனா மாத்திரையா விழுது. சாயங்காலமே கொண்டு வச்சுட்டேன். அதுலருந்து அப்பப்ப எண்ணிப் பாத்துக்கிடுதேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"அப்ப இந்தச் சீனி?"

"அரை ஸ்பூன். கொஞ்சங் கொஞ்சமா கொறச்சேன். தூக்கலாத்தான இருக்கு?"

தூக்கலாகத்தான் இருந்தது.

"உண்மைய எழுதுனா பிரீமியம் கொஞ்சம் கூடும், ரத்தம் எடுத்துப் பாப்பாங்க," என்றாள் சந்தனமேரி. "பின்னால அக்கா அலைய வேண்டாம்." அவர் கடற்கரையின் மனைவியை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நெஞ்சிலிருந்து ஒரு உர மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

சந்தனமேரி அடுத்த படிவத்தைப் புரட்டினாள். "அக்காவுக்கு ஒடம்புக்கு ஏதாவது உண்டா?"

போன கௌரவத்தில் பாதியையாவது மீட்க இது நல்ல சமயம். அவரே பதில் சொன்னார். "அவளுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கா. இருபது வருசத்துல ஒரு தலவலின்னு படுத்தது கெடையாது. ஒண்ணுமில்லன்னு எழுதிக்கோ."

"பிபி," என்றாள் இசக்கிச்செல்வி. "நாலு வருசமா."

செல்லத்துரைக்குக் கோபமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. இரண்டு வருசம் மறைத்தவரைவிட நாலு வருசம் மறைத்தவள் பெரிய ஆள் அல்லவா?

"நாலு வருசம்! எங்கிட்டயே மறச்சிருக்க! எங்கன ஒளிச்சு வச்சிருந்த?"

"ஃப்ரிட்ஜ் மேல. தெனம் சாவி எடுக்கும்போது நீங்கதான தள்ளி வைக்குதீங்க."

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. மாத்திரை அட்டைகள். மேலேயே டாக்டர் சீட்டு, அவள் பேர் போட்டு. படிவத்தில் பொய் எழுதக் கூடாது என்று புறப்பட்டவர், பொய் என்றே தெரியாமல் அவள் படிவத்தில் ஒன்றை எழுத வைத்திருப்பார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கூடத்தில் விட்டுவந்த அவருடைய போன் அடித்து ஓய்ந்து, ஒரு படம் வந்து விழுந்தது. இடைசெவல் சம்சாரி ஒருவர் உளுந்து இலை ஒன்றைப் படம் பிடித்து, என்ன நோய் அண்ணாச்சி என்று கேட்டிருந்தார்.

இசக்கிச்செல்வி அதைப் பார்த்துவிட்டு, போனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்க. இலைன்னா ஒங்களுக்குப் பாத்ததுமே தெரிஞ்சிரும்லா."